சாயங்கால பஸ்ஸுக்கு ஒரு ஸ்வெட்டர்

அம்மா செத்ததை என் தம்பிக்கு அஞ்சு மாசம் சொல்லாமல் வைத்திருந்தோம். சொல்ல வேண்டாம் என்றது சித்தப்பா. சரி என்றது நான்.

தம்பிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எனக்கு மூணு வயது இளையவன். பிறந்ததிலிருந்தே வெவரம் பத்தாது. நாலு வயதில் நடந்தான். ஏழு வயதில் பேச்சு வந்தது. பத்துக்கு மேல் எண்ண வராது. மணி பார்க்கத் தெரியாது. ஆனால் மலையேறி வருகிற பஸ் எந்த பஸ் என்று, கண்ணில் படுவதற்கு முன்னாடியே சத்தத்தை வைத்துச் சொல்வான்.

ஏற்காட்டிலிருந்து தலைச்சோலை போகிற வழியில் ஒரு எஸ்டேட்டில் எங்களுக்கு லைன் வீடு. நான் மருந்தடிக்கிற வேலை. அம்மாவும் தம்பியும் நர்சரியில். காப்பி நாத்துக்குப் பாலிதீன் பையில் மண் நிரப்பி வரிசையாக அடுக்குவது அவன் வேலை. ஒரு பை சாய்ந்திருக்காது. எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் மத்தவங்களைத் திட்டும்போது, "போய் அவன் வரிசையைப் பாருங்க, நூல் புடிச்சாலும் கோணாது" என்பார். அப்படிச் சொல்கிற ரைட்டரும் அவனைக் கூப்பிடுவது 'கண்ணு' என்றுதான். போன வருசம் வேலைக்கு வந்த பையன்களுக்கெல்லாம் பேர் இருந்தது. மீசை நரைக்கத் தொடங்கிய இவன் கண்ணு. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கண்ணு என்று சொல்லாத ஆள் ஒருத்தர் இருந்தார். டவுனில் மளிகைக்கடை வைத்திருந்த பாய். தம்பி கடை முன்னால் போய் நின்றால், "வாங்க. என்ன வேணுங்க?" என்பார். இவன் யோசிப்பான். ரெண்டு நிமிசம் ஆகும், மூணு நிமிசம் ஆகும். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். பாய் அடுத்த ஆளைப் பார்க்க மாட்டார். இவன் சொல்லி முடித்தபிறகுதான் மத்தவங்க. அதனால் அம்மா எதை வாங்கவும் அவனையே அனுப்பும்.

அம்மா அவனுக்கு எதையும் ஊட்டிவிட்டதில்லை. பித்தானைத் தப்பாகப் போட்டாலும் அவனே கழற்றி அவனே மாட்டும்வரை பார்த்துக்கொண்டு நிற்கும். குழாயிலிருந்து தண்ணி கொண்டுவருவதும் அவன்தான். மண்குடத்தை இடது தோளில் வைக்கச் சொல்லும். லைன் பொம்பளைகள் சிரிப்பார்கள்.

"எதுக்கக்கா அவனைப் போட்டு இந்தப் பாடு? ரெண்டு பக்கெட்டு குடுத்தா தூக்கிட்டு வந்துட்டுப் போறான்."

"அவன் ஆம்பளை. தோள்ல வெக்கட்டும்" என்று அம்மா சொல்லும்.

மொதல்ல நாலஞ்சு குடம் உடைந்தது. அப்புறம் ஒரு சொட்டு சிந்தாமல் மேட்டில் ஏறி வருவான். தண்ணியை ஊத்தாமல் குடத்தோடு வீட்டைச் சுற்றி வரச் சொல்லும் அம்மா. விளையாட்டு என்று நினைத்தேன். வேறெதுவும் நினைக்கவில்லை.

பங்குனியில் அம்மாவுக்கு நெஞ்சில் வலி. ரெண்டு நாள் சொல்லவே இல்லை. மூணாம் நாள் கீழே சேலத்துக்கு ஆஸ்பத்திரி போகலாம் என்று கிளம்பினோம். தம்பி பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். அம்மாவின் பையை ஜன்னல் வழியாக அவன்தான் உள்ளே கொடுத்தான். பையோடு ஸ்வெட்டரையும் கொடுத்தான். மெரூன் கலர், முழங்கையில் ஒட்டுப்போட்டது. சாயங்காலமானால் அம்மா அதைப் போடாமல் இருக்காது.

"கீழ வெய்ய வேகுது, அது எதுக்கு? நீயே வெச்சுக்க" என்றது அம்மா. "சாயங்கால பஸ்ஸுக்கு வந்துருவேன். எறங்கினதும் குளுரும். அப்ப எடுத்துட்டு வா."

அவன் தலையாட்டினான்.

அம்மா மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டது. நான் வேன் பிடிக்க நின்றேன். கூட வந்திருந்த சித்தப்பா முதல் பஸ்ஸிலேயே மேலே போனார். நான் அம்மாவோடு வந்து சேர்ந்தபோது தம்பி வீட்டில் இல்லை. செம்மநத்தத்தில் என் மாமனார் வீட்டுக்கு விறகு பிளக்க ஆள் வேணும் என்று சொல்லி என் மச்சான்கூட அனுப்பிவிட்டிருந்தார் சித்தப்பா. விறகு என்றால் சந்தோசமாகப் போவான்.

"அவன் தாங்கமாட்டான்" என்றார் சித்தப்பா. "கூட்டத்தைப் பாத்து மெரண்டு ஓடுவான். இல்லாட்டி குழியில குதிப்பான். அவனைப் புடிக்கிறதா, ஆக வேண்டியதைப் பாக்கிறதா?"

என் பொண்டாட்டி கதவோரம் நின்று, "ஏனுங்க, பெத்த மகன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க" என்றாள்.

"அவனைக் கேட்டா என்ன சொல்லத் தெரியும்?" என்றார் சித்தப்பா.

செம்மநத்தம் ஒண்ணும் தூரமில்லை. ஆள் விட்டால் கூட்டிவந்துவிடலாம். நான் ஆள் விடவில்லை. அவனைக் காப்பாத்துகிறேன் என்றுதான் நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது. அத்தனை பேர் முன்னால் அவன் அழுது உருண்டால் அதை என்னால் பார்க்க முடியாது.

எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். அம்மாவுக்கு மொட்டை போட்டு, கொள்ளிக்குடம் எடுத்து, குழியை மூணு சுற்று சுற்றி உடைக்க வேண்டியது தம்பி. எங்கள் பக்கத்துச் சாவுக்கெல்லாம் சடங்கு செய்கிறவர் டவுனில் சலூன் வைத்திருப்பவர். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"இளையவர் வரலீங்களா?"

"இருக்கான்."

"எங்கீங்க?"

அவர் என் தலையில் தண்ணியைத் தெளித்தார். பிறகு தண்ணி நிரப்பிய மண்குடத்தை என் இடது தோளில் வைத்தார். எனக்குக் குடம் தூக்கிப் பழக்கமில்லை. முதல் சுற்றிலேயே முதுகெல்லாம் நனைந்தது.

தம்பி நாலாம் நாள் திரும்பி வந்தான். வாசலில் நின்று என் தலையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"மொட்டை" என்றான்.

"வேண்டுதல்டா. சேர்வராயன் கோயிலுக்கு."

"திருவிழா வரலையே."

"இது வேற."

"அம்மா?"

"ஆஸ்பத்திரில இருக்குது. நாளைக்கு வந்துரும்."

உள்ளே போனான். சாயங்காலம் ஸ்வெட்டரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினான். நான் தடுக்கவில்லை. ஒரு நாள் போவான், ரெண்டு நாள் போவான், மறந்துவிடுவான் என்று சித்தப்பா சொல்லியிருந்தார்.

மறக்கவில்லை. நர்சரி வேலை முடிந்ததும் முகம் கழுவி, தலை சீவி, நடந்தே போவான். அரை மணி நேர நடை. சாயங்கால பஸ் வந்து கடைசி ஆள் இறங்கும்வரை படிக்கட்டுக்கு நேராக நிற்பான். யாரும் இல்லையென்றதும் ஸ்வெட்டரைத் திரும்ப மடித்துக்கொண்டு வருவான்.

ஆரம்பத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கிண்டல் பண்ணினார்கள்.

"என்ன கண்ணு, பொம்பளை ஸ்வெட்டரு? பொண்ணுகிண்ணு பாத்துட்டியா?"

"அம்மாவுக்கு" என்றான்.

அதற்கப்புறம் அங்கே கிண்டல் இல்லை. கிண்டலுக்குப் பதிலாக எல்லோரும் பொய் சொல்ல ஆரம்பித்தார்கள். கண்டக்டர், "அடுத்த ட்ரிப்புல வருது சாமி, சீட்டு போட்டு வெச்சிருக்குது" என்பார். டீக்கடைக்காரர், "டாக்டரு இன்னும் நாலு நாள் இருக்கச் சொல்லீருக்காரு" என்று ஒரு பன் கொடுப்பார். ரைட்டரும் சொன்னார். லைன் முழுக்கச் சொன்னது. நான் யாரையும் சொல்லச் சொல்லவில்லை. பாவம் என்று அவர்களே சொன்னார்கள். கொடுத்த பன்னில் பாதியை அவன் அம்மாவுக்கென்று தட்டில் மூடி வைப்பான். காலையில் என் பொண்டாட்டி எடுத்துக் கோழிக்குப் போடுவாள்.

பாய் மட்டும் சொல்லவில்லை. தம்பி அவரிடமும் கேட்டிருக்கிறான். அவர், "உங்க அண்ணன்கிட்ட கேளுங்க" என்றிருக்கிறார். இவன் வந்து என்னிடம் கேட்டான்.

"பாய் உன்னைக் கேக்கச் சொன்னாரு. அம்மா எப்ப வரும்?"

"நாளைக்கு."

மறுவாரம் அதே மாதிரி வந்து கேட்டான். நான் கோபமாகக் கடைக்குப் போனேன்.

"ஏங்க பாய், ஊரே ஒரு மாதிரி சொல்லுது. நீங்களும் நாளைக்கு வரும்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானுங்களே?"

பாய் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எனக்கு வரலீங்க. மூஞ்சியப் பாத்துக் கேக்கறாரு."

"அப்ப நீங்களே சொல்லிருங்க."

"அதுவும் நான் சொல்றது சரியில்லீங்க. உங்க ஊட்டு சாவு."

பொட்டலத்தை வைத்துவிட்டு அவரும் சும்மா உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. மலையெல்லாம் ஜனம். என் தலையில் ஒரு விரல்கடை முடி வளர்ந்திருந்தது.

"திருவிழா" என்றான் தம்பி. "மொட்டை போடலையா?"

"அதான் முன்னாடியே போட்டாச்சே."

என் தலையை மறுபடி பார்த்தான்.

ஆனியில் மழை பிடித்தது. மூடுபனியில் ரோட்டில் எதிரே வருகிற ஜீப் தெரியாது. ஒருநாள் ஒரு லாரி அவனை உரசிக்கொண்டு போனதாக ஆள் வந்து சொன்னார்கள். மறுநாள் மதியமே அவனை வீட்டில் விட்டு வெளியே பூட்டு போட்டுவிட்டு நான் வேலைக்குப் போனேன். என் பொண்டாட்டி அன்றைக்கு அவள் ஊருக்குப் போயிருந்தாள்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தான். கத்தவில்லை, கதவைத் தட்டவும் இல்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கக்கூசு வெளியே. அடக்கிப் பார்த்து முடியாமல் வேட்டியிலேயே போயிருந்தான். சின்ன வயதுக்கு அப்புறம் அவனுக்கு அப்படி ஆனதே இல்லை. ஸ்வெட்டர் நனையாமல் தலைக்கு மேல் ஆணியில் மாட்டியிருந்தான். எழுந்து போய் வேட்டியை அவனே அலசினான். தரையையும் அவனே கழுவினான். நான் பக்கெட்டை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் நான் பூட்டவில்லை. அவன் போனால் பின்னாலேயே தூரமாக நடந்து போவேன். அவனுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கமாட்டான்.

"சொல்லிருங்க" என்பாள் என் பொண்டாட்டி. "அழுவாரு. அழட்டுமுங்க. அழுதா என்ன இப்ப?"

"நாளைக்குச் சொல்றேன்" என்பேன். அவளிடமும் நாளைக்கு.

ஒருநாள் நிஜமாகவே சொல்லப் போனேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். அவன், "வருது, கடைசி வளைவு ஏறுது" என்று எழுந்து நின்றான். பஸ் வந்தது. கூடவே நானும் எழுந்து நின்று, இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

ஆவணியில் ஒரு மதியம், சலூன்காரர் எஸ்டேட்டுக்கே நடந்து வந்தார். நான் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன்.

"உங்க தம்பி கடையில வந்து உக்காந்துட்டாருங்க. மொட்டை அடிக்கச் சொல்றாரு."

"எதுக்காம்?"

"அதைத்தான் கேட்டேன். அம்மாவுக்குன்னாரு." கொஞ்சம் நிறுத்தினார். "அடிக்கட்டுங்களா?"

"எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"உங்களைக் கேக்காம எப்படீங்க?"

கை கழுவாமலே அவரோடு போனேன். தம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கழுத்தில் துணி கட்டியிருந்தது. மடியில் ஸ்வெட்டர். கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"யார்ரா சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லல."

"அப்பறம் எப்படித் தெரியும்?"

கண்ணாடியிலேயே என் தலையைக் காட்டினான். "மொட்டை" என்றான். செம்மநத்தத்திலிருந்து வந்த அன்றைக்குச் சொன்ன அதே மாதிரி.

பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சுமா தெனமும் பஸ்ஸுக்குப் போனே?"

"நீ நாளைக்கு வரும்னு சொன்னே" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கோபமில்லை. கடையில் வேறு ரெண்டு பேர் இருந்தார்கள். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

சலூன்காரர் கத்தியோடு நின்றார். நான் தலையாட்டினேன். அவர் என்னைப் பார்த்ததோடு நிற்காமல், குனிந்து அவனிடமும், "ஆரம்பிக்கட்டுங்களா?" என்று கேட்டார். "ம்" என்றான். முடி விழ விழ அவன் அசையவே இல்லை. மீசையையும் எடுத்துவிட்டார். சின்ன வயதில் இருந்த முகம் வந்துவிட்டது.

எழுந்ததும், "குடம்" என்றான்.

"எந்தக் குடம்?"

"நான் தூக்கோணும். அம்மா பழக்கிவிட்டுது. 'எனக்கு நீதான் தூக்கோணும்'னு சொல்லுச்சு. சிந்தக்கூடாதுன்னு சொல்லுச்சு."

அப்போதுதான் அந்த மண்குடமும், இடது தோளும், வீட்டைச் சுற்றின சுற்றும் எனக்குப் புரிந்தது. அம்மா அதை எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்போம் என்று தெரிந்திருக்கும்.

சலூன்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஒருக்கா ஒடச்சது ஒடச்சதுதானுங்க. மறுபடி சடங்குன்னு நான் செய்ய முடியாது. அவர் தலைமுடி அவருது, எடுத்துட்டேன். இது என் கையில இல்லீங்க." சித்தப்பாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். ரெண்டாவது குடம் உடைத்தால் வீட்டில் இன்னொரு சாவு விழும், பைத்தியக்காரத்தனம் பண்ணாதே என்று சொல்லியனுப்பினார்.

தம்பி யாரையும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் மண்குடத்தை எடுத்துக் குழாயில் நிரப்பி இடது தோளில் வைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான். வழி காட்டு என்று அர்த்தம்.

சுடுகாடு எஸ்டேட் எல்லைக்கு அந்தப் பக்கம், சரிவில். நான் முன்னால் போனேன். மழையில் வழுக்கியது. எனக்குக் கால் ரெண்டு தடவை தடுக்கியது. அவன் குடத்திலிருந்து ஒரு சொட்டுச் சத்தம் கேட்கவில்லை.

அங்கே போய் நின்றேன். பங்குனிக்கப்புறம் நான் அந்தப் பக்கம் வரவே இல்லை. மூணு மாச மழையில் மண் இறங்கி மேடெல்லாம் தரையோடு தரையாகியிருந்தது. உண்ணிச்செடி மண்டியிருந்தது. நட்டு வைத்த கல்லைக் காணோம். பக்கத்தில் இன்னொரு குழியும் அதே மாதிரி அமுங்கிக் கிடந்தது. ரெண்டில் எது அம்மா என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்க?" என்றான்.

கையை நீட்ட எவ்வளவு நேரமாகும். ஏதோ ஒன்றைக் காட்டியிருந்தால் அவன் சுற்றி முடித்திருப்பான். கை பாதி தூக்கிவிட்டேன்.

"தெரியலடா" என்றேன். "இதுவா இருக்கும். இல்லாட்டி அது."

என்னைப் பார்த்தான். ரெண்டு இடத்தையும் பார்த்தான். பாய் கடை முன்னால் நிற்கிற மாதிரி வெகுநேரம் யோசித்தான். நானும் நின்றேன். தோளில் முழுக் குடம். இறக்கி வை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

பிறகு அவன் ரெண்டையும் சேர்த்தே சுற்றினான். செடியெல்லாம் காலில் கிழித்தது. மூணு சுற்று. ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணினான். குடத்தில் ஓட்டை போட யாரும் இல்லை. முடிந்ததும் பின்பக்கமாகப் போட்டான். உடைந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அதையும் அம்மா பழக்கியிருக்கும். அவன் அழவும் இல்லை, ஓடவும் இல்லை. சித்தப்பா சொன்ன எதையும் அவன் செய்யவில்லை.

மறுநாள் சாயங்காலம் முகம் கழுவி, மொட்டைத் தலையைத் துடைத்து, ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். நான் பின்னால் போகவில்லை. எதற்குப் போகிறாய் என்றும் கேட்கவில்லை. இனி வராது என்று நான் அவனிடம் சொல்லவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அவனே தெரிந்துகொண்டான், அவனே செய்து முடித்தான். என் வாயிலிருந்து கடைசியாக வந்தது 'நாளைக்கு'தான். ரெண்டு நாள் கழித்து உட்கார வைத்துச் சொன்னேன். "அம்மா செத்துப்போச்சுடா. வராது."

"தெரியும்" என்றான். ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

போக வேண்டாம் என்று சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. போ என்று விடவும் மனசு வரவில்லை. மழை, மூடுபனி, லாரி எல்லாம் அப்படியேதான் இருந்தது. வாசலில் நிற்பேன். திரும்பி வருகிற அவன் உருவம் திருப்பத்தில் தெரியும்வரை உள்ளே போகமாட்டேன்.

இன்னொன்றும் மாறிவிட்டது. அதற்கப்புறம் அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. மழை வருமா, நாளைக்கு வேலை உண்டா, காய்ச்சலுக்கு இந்த மாத்திரையா அந்த மாத்திரையா, எதுவானாலும் டவுனுக்கு நடந்து போய் பாய் கடை முன்னால் நிற்பான். அவர் தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால் தெரியலீங்க என்பார். இவன் தலையாட்டிவிட்டுத் திரும்பி வருவான்.

வந்ததும் நான் கேட்பேன், "என்ன சொன்னாரு?"

"சும்மா" என்பான்.